ஒரே ஒரு லிங்க்

"சைட் ஆரம்பிச்சு நாப்பத்திரண்டு நாளாச்சு செல்வி. வந்தது ஒரே ஒரு லிங்க். அதுவும் உன் பிளாக்ல இருந்து நீயே குடுத்துக்கிட்டது" என்றார் ஆனந்த்ராஜ்.

அறிவுச்செல்வி துப்பட்டாவை மடியில் சேர்த்துப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலங்கியல் படித்தவள். சனிக்கிழமைதோறும் நத்தத்திலிருந்து பஸ் ஏறி, திண்டுக்கல்லில் இருக்கும் அவருடைய பிரவுசிங் சென்டருக்கு வருவாள். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எந்தெந்த அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்துத் தமிழில் எழுதி ஒரு வெப்சைட் ஆரம்பித்திருந்தாள். அதைச் செய்து கொடுத்தவர் ஆனந்த்ராஜ்தான்.

மற்ற சைட்டுகள் லிங்க் கொடுத்தால்தான் கூகுள் ஒரு சைட்டை முன்னால் காட்டும். 'பாம்புக் கடி' என்று தேடினால் அவளுடையது ஆறாவது பக்கத்தில் வந்தது. அதுவரை புரட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

முதலில் வந்தது நத்தம் பக்கத்துச் சடையாண்டி வைத்தியரின் சைட். மஞ்சள் பின்னணியில் கொட்டை எழுத்தில் ஒரு போன் நம்பர். 'நேரில் வர வேண்டாம். கடிபட்டவர் பெயரைச் சொன்னால் போதும். ஐயா தன் துண்டில் முடிச்சுப் போடுவார். விஷம் இறங்கும். காசு வாங்குவதில்லை.'

"ஊருல அப்பனுக்குக் கடிச்சிருச்சுன்னா, திருப்பூர்ல இருக்குற மகன் பதறிப்போயித் தேடுவான். முதல்ல இந்த நம்பர்தானே கண்ணுல படும்?" என்றார் ஆனந்த்ராஜ். "ஐப்பசி மழை வேற வரப்போகுது. வயல்ல தண்ணி நின்னா அம்புட்டுப் பாம்பும் வரப்புல ஏறிரும். நீ என்னடான்னா லிங்க் கேட்டு ஒவ்வொரு டாக்டருக்கா மெயில் எழுதிக்கிட்டு இருக்க."

"படிச்சுப் பாத்து, பிடிச்சுப்போயி அவங்களாக் குடுத்தாத்தாண்ணே நிக்கும்."

"டெல்லில ஒருத்தன் ஐந்நூறு லிங்க் மொத்தமாத் தாரேங்குறான். நாலே நாள்ல ரெண்டாவது பக்கத்துக்கு வந்துரலாம்."

"யாரு சைட்ல இருந்து?"

ஆனந்த்ராஜ் தலையைச் சொறிந்தார். "லாட்டரி, உடம்பு இளைக்கிற மாத்திரை, அப்புறம்... சிலது உன்கிட்டச் சொல்ற மாதிரி இல்ல."

"காசுக்கு வாங்குனதுன்னு கூகுள்காரங்க கண்டுபிடிச்சா சைட்டையே மொத்தமாத் தூக்கிருவாங்கண்ணே. அப்புறம் ஆறாவது பக்கமும் இருக்காது."

அது அவருக்கும் தெரியும். வைத்தியரின் சைட்டுக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். விருதுநகரில் ஒரு வாத்தியாரின் பிளாக். மலேசியாவில் ஒரு தமிழ்ச் சங்கம். தாடிக்கொம்பு பையன் ஒருவன், 'என் தங்கச்சியைக் காப்பாற்றிய தெய்வம்' என்று உருகி எழுதியிருந்தான். சைட்டைச் செய்து கொடுத்ததே பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர்தான். அவருடைய அப்பாவுக்கு வைத்தியர் முடிச்சுப் போட்டாராம்.

"கொடுமையப் பாரு" என்றார் ஆனந்த்ராஜ். "இதுல ஒண்ணுகூட காசுக்கு வாங்குனது இல்ல. எல்லாம் மனசாரக் குடுத்தது. இதைத்தானே நல்ல லிங்க்குன்னு ஊரெல்லாம் பாடம் நடத்துறாங்க!"

"கடிக்கிற பாம்புல முக்காவாசிக்கு விஷம் கிடையாதுண்ணே. கடிபட்டவங்க முடிச்சு இல்லாமலே பொழச்சிருப்பாங்க. பொழச்சவங்க எழுதுறாங்க." அவள் குரல் தணிந்தது. "செத்தவங்க எங்க லிங்க் குடுக்கப் போறாங்க?"



"அப்ப ஒண்ணு செய்வோம்" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார் ஆனந்த்ராஜ். "அந்த டெல்லிக் குப்பையை எல்லாம் அந்தாளு சைட்டுக்கு அனுப்பிவிடுவோம். கூகுளே அவரைத் தூக்கிக் கடாசிரும். ஊரை ஏமாத்துற பயலுக்கு..."

"வேணாம்ணே!"

அவள் சத்தமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. பக்கத்து கேபினிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவள் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு ஏமாத்துக்காரரு இல்லண்ணே. யாருகிட்டயும் ஒரு வெத்தலகூட வாங்குனது கிடையாது. முடிச்சுப் போட்டா அதை அவுக்குற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. நெசமாவே நம்புறாரு. அதான் கஷ்டமே."

"நீ யாரு பக்கம்மா?" என்றார் ஆனந்த்ராஜ் எரிச்சலாக. பிறகு அவர் குரலே இறங்கிவிட்டது. "அப்ப ஒரே வழிதான் இருக்கு. அந்த சைட்ல இருந்தே உன் சைட்டுக்கு ஒரு லிங்க். 'கடிச்சா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, விவரம் இங்க இருக்கு'ன்னு ஒரே ஒரு வரி. அதைவிட ஆரோக்கியமான லிங்க் உலகத்துலயே கிடையாது."

"பெங்களூருக்காரருக்கு எழுதுனேண்ணே. ஐயா ஒரு வார்த்தை சொன்னா அடுத்த நிமிசம் போட்டுர்றேன்னாரு."

"அப்புறம் என்ன? உங்க ஊருப் பக்கந்தானே. நாளைக்கே வண்டிய எடுக்குறேன். போயி ஐயாகிட்டக் கேட்டுருவோம்."

"கேட்டாச்சுண்ணே. தினமும் கேக்குறேன்."

"தினமுமா? என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்றதில்ல. சோத்துத் தட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு."

"உனக்கு எப்படித் தெரியும், அவரு சோறு திங்கிறது?"

அறிவுச்செல்வி கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"நான்தானே போடுறேன். அவரு எங்கப்பாண்ணே" என்றாள். "சித்திரையில எங்கம்மாவ விரியன் கடிச்சப்ப, ஆஸ்பத்திரி வேணாம்னு அவருதான் முடிச்சுப் போட்டாரு. இப்ப அந்த லிங்க்கக் குடுத்தா, அம்மாவச் சாகவிட்டது தான்தான்னு அவரே சொன்ன மாதிரி ஆயிரும்ல?"