வைதேகிக்காக ஒரு நேர்த்தி

“தம்பி, வைதேகிய மட்டும் கொன்னுறாத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்!”

தம்பி இந்திரகுமாரின் தலைக்கு எண்ணெய் வைத்தபடியே கெஞ்சினாள் அக்கா கோகிலா. கொழும்பில் இந்திரகுமார் பகலில் பொருளியல் பேராசிரியர். மற்ற நேரத்தில் டீவி நாடக ஆசிரியர். இப்போது அவர் எழுதும் நாடகத்தின் கதாநாயகிதான் வைதேகி. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்த நாளிலிருந்து அக்காவின் ஊரான யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் மரங்கள்கூடப் பால் தர மறுத்துவிட்டன.

“பால் வெட்டப் போற பொம்பளைங்க எல்லாம் என்னையத்தான் வையிறாளுங்க. ‘ஒந்தம்பி கொலகாரன்’னு!”

“தெனமும் அவளையே காட்டுனா மவுசு போயிரும்க்கா. சந்தைக்கு வர்ற சரக்கோட நிரம்பல் கொறஞ்சாத்தான் வெல ஏறும்.”

“ஒம் பாடத்த கெம்பஸ்லயே வச்சுக்க! கொறைக்கணும்னா அவளோட மாமியாக்காரிய கொற.”

“அவ இல்லாட்டி நாடகத்த யாரு பாப்பாங்கக்கா?”

கோகிலா அவர் முடியைக் கோதினாள். சாதாரண முடியா அது? சீதாவாக்கை மழையிலும் கலையாத கருங்காடு. அவர் விரிவுரைக்குப் பாதிப் பேர் பொருளியல் கேட்க வருவார்கள். மீதிப் பேர் அந்த முடியைப் பார்க்க.

“என்னா முடி தம்பி... பொறந்தப்பவே இப்பிடித்தான்” என்றவளின் கண்கள் கலங்கின.

வைதேகிக்காகவா இந்தக் கண்ணீர்! பேராசிரியர் கரைந்தேபோனார். டைரக்டருக்குப் போன் போட்டார்.

“றிப்தி, வைதேகி கண்ண முழிக்கட்டும். ஆமா, பொழச்சிட்டா! மிச்சத்த புதன்கெழம பேசுவோம். பட்ஜெட்ட பத்திப் பேச டீவிக்கு வர்றேன்ல?”

“மாரியாத்தா!” என்று கோகிலா போட்ட சத்தத்தில் கித்துல்கல வரைக்கும் காகங்கள் பறந்தன. “ஆத்தா கேட்டுட்டா!”

“எழுதுறது நான்க்கா.”

“ஒன்ன எழுத வச்சது யாரு?” என்றவள் எதிரே இருந்த அம்மன் கோயிலைப் பார்த்துக் கூவினாள். “நாகலிங்கண்ணே, பலகைய போடுங்க! அவ பொழச்சிட்டா!”

கோயில் வாசலில் காத்திருந்த சலூன் நாகலிங்கம் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

“அவ பொழச்சா மொட்ட போடுறதா நேந்திருக்கேன் தம்பி.”

“இதுக்குப்போயா அழுத?” பேராசிரியர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “வெறும் முடிதானேக்கா. போட்டா மறுபடி வளந்துரும்!”

“அப்பாடா! நீ கோவிப்பியோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன்” என்று கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினாள்.