கல்யாண ஒயினுக்கு ஒரு லேபிள்

"அந்தத் திராட்சைக் குலையை எடுத்துடும்மா" என்றாள் லேபிள் அடிக்க வந்திருந்தவள். "இது பிளம்ஸ் ஒயின்."

கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த பர்வீன் குலையை அழித்தாள். பிளம்ஸ் படம் தேடினாள். கிடைத்ததெல்லாம் தக்காளி போலவே இருந்தது.

வந்தவள் தன் போனை நீட்டினாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம். மே மாதம் அவளே எடுத்த படம். கிளையில் நெருக்கியடித்துக்கொண்டு பழங்கள், தோலில் மாவு பூசியதுபோல் வெண்மையோடு.

"இதைப் போடு."

போட்டதும் லேபிளுக்கு ஒரு களை வந்துவிட்டது.

குன்னூரில் காலையிலிருந்து மழை. பிரிண்டிங் கடையில் வேறு ஆள் இல்லை. அவளுக்கும் அவசரம் இல்லை. ஒயின் நன்றாக வந்திருந்தது. போன வாரம் வடிகட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. புளிப்பு அடங்கி, நிறம் ஏறி, இத்தனை வருஷத்தில் இப்படி அமைந்ததே இல்லை. அப்படிப்பட்ட ஒயினுக்கு ஏனோதானோவென்று ஒரு காகிதத்தை ஒட்ட அவளுக்கு மனமில்லை.

"தண்ணி பட்டா எழுத்து அழியக் கூடாது. ஐஸ்ல வைப்பாங்க."

"அழியாது ஆன்ட்டி. லேமினேஷன் போட்டுத் தர்றேன்."

பர்வீன் அடுத்த வரிக்கு வந்தாள்.

"மாப்பிள்ளை பேரு முதல்லயா, பொண்ணு பேரா?"

"பொண்ணு பேரு. லிடியா."

"மாப்பிள்ளை?"

"குணசீலன்."

"பொண்ணு உங்க மகளா ஆன்ட்டி?"

"நான்தாம்மா பொண்ணு."

கீபோர்டில் விரல்கள் நின்றன. பர்வீன் திரும்பிப் பார்த்தாள். முன்நெற்றியில் நரை, மூக்குக்கண்ணாடி, மழையில் நனைந்த ஸ்வெட்டர்.

லிடியா பார்வையைத் திருப்பவில்லை. இந்த மழைக்காலம் முழுக்க இப்படித்தான் பார்க்கிறார்கள். கோயில் ஆராதனையில் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசை மொத்தமும் கழுத்தைத் திருப்பியது. அன்றும் அவள் தலையைக் குனியவில்லை. அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டி, எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றாள்.

"சூப்பர் ஆன்ட்டி" என்றாள் பர்வீன்.

கேட்காமலே இரண்டு பெயர்களுக்கும் தங்க நிறம் கொடுத்தாள்.

குணசீலன் தபால் ஆபீசிலிருந்து ரிட்டையரானவர். மனைவி இல்லை. இந்நேரம் லிடியாவின் வீட்டுப் பின்பக்கம் வெந்நீர் வாளியோடு உட்கார்ந்து, காலி பாட்டில்களில் ஒட்டியிருக்கும் பழைய காகிதங்களைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அந்த பாட்டில் மறுபடி வாளிக்குள் போகும். இந்தப் பொறுமைக்காகவே மனுஷனைக் கட்டிக்கலாம் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"கீழே 'அன்புடன்'னு போட்டு வீட்டாளுங்க பேரு போடுவாங்க. யார் பேரு போடட்டும்?"

வீட்டாள் என்று அவளுக்கு இருப்பது ஒருவன். மகன் ஜோயல். கோயம்புத்தூரில் வேலை. கல்யாணத்தைச் சொன்ன அன்று "உங்க இஷ்டம்மா" என்றான். அதன் பிறகும் கூப்பிட்டால் எடுப்பான். மழை, சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரிப்பான். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் டவர் கிடைக்காமல் போய்விடும்.

கேட்காமல் அவன் பெயரைப் போட்டால் அது பொய்.

போடாமல் விட்டால், அவனே இல்லை என்று அவள் ஊருக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

போனை எடுத்தாள்.

"ஜோயல், பிரிண்டிங் கடையில இருக்கேன். கல்யாண ஒயினுக்கு லேபிள் அடிக்கிறாங்க. உன் பேரைப் போடவா, வேண்டாமா? எதுன்னாலும் எனக்கு வருத்தமில்ல. ஆனா இப்பவே சொல்லிடு."

மறுமுனையில் கதவு ஒன்றைச் சாத்தும் ஓசை.

அவள் காத்திருந்தாள். கெஞ்சவில்லை.

"என் இனிஷியல் என்ன போடுவீங்க?" என்றான்.

இத்தனை நாளும் அவன் கேட்காமல் வைத்திருந்தது இதுதானா.

ஜோயலின் அப்பா சாமுவேல் போய் எட்டு வருஷம். அவருடைய சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது. பைக்கை விற்றாகிவிட்டது. எங்கே கையெழுத்துப் போட்டாலும் இவன் கூடவே எடுத்துப் போவது அந்த ஓரெழுத்தை மட்டும்தான்.

"உன் இனிஷியல்தான்டா. உங்கப்பா குடுத்தது. அதுல கை வைக்க எனக்கே உரிமை கிடையாது. வேற யாருக்கு இருக்கு?"

லைன் கட்டானது.

பர்வீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிடியா போனை மேசைமேல் வைத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஓரத்துல இருக்கிற அந்தப் பூவேலை வேண்டாம்மா. பழம் மட்டும் தெரிஞ்சா போதும்."

பூவேலை போனது.

மழை வலுத்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் இறங்கியது.

போன் ஒளிர்ந்தது.

சா. ஜோயல்

அவ்வளவுதான். புள்ளியைக்கூட விடாமல் தட்டியிருந்தான்.

போனை அப்படியே பர்வீனின் பக்கம் திருப்பிவைத்தாள்.

"அண்ணன் வர்றாராமா ஆன்ட்டி?"

"வர்றேன்னு சொல்லல" என்றாள் லிடியா. "பேரைக் குடுத்திருக்கான்."

தங்க எழுத்தில், குணசீலனின் பெயருக்குக் கீழே, அது ஏறி உட்கார்ந்தது.

முதல் தாள் வெளியே வந்தது. சூடு ஆறவில்லை. வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

பிழை எதுவும் இல்லை.

"மிச்சத்தையும் அடிச்சிடட்டுமா ஆன்ட்டி?"

தலையாட்டினாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

அவள் கையிலிருந்த தாளை மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.