ஆயுத பூஜையில் ஒரு கண்ணாடிக் குழாய்

1968. ஒக்கூரில் தச்சர் அரசப்பன் வீட்டு ஆயுத பூஜை. உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் கழுவி வரிசையாக அடுக்கியாயிற்று. இனி மறுநாள் விடியும்வரை எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது; அது அந்த வீட்டுச் சட்டம்.

"ஆத்தா, உன் கருவியையும் கொண்டாந்து வையி," என்றார் அரசப்பன் மகளிடம் பெருமையாக.

மதுரையில் ஆராய்ச்சி செய்யும் நாகவல்லி, வாய் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்தாள். உள்ளே கலங்கல் தண்ணீர்.

அரசப்பனின் தம்பி சேவுகன் சிரித்தார். "இம்புட்டுப் படிச்சு, இதுதான் கருவியா?"

"கருவி இல்ல சித்தப்பா. உள்ள இருக்கிறது உசுருள்ள கிருமிக. வேணுங்கிற கருவிய அதுகளே செஞ்சுக்கிரும்."

"உசுரோட இருந்தா இன்னைக்கும் வேலை செய்யுமே! அண்ணே, பூஜைக்குக் குத்தம். வெளிய எடுக்கச் சொல்லுங்க."

அரசப்பனின் முகம் வாடிவிட்டது.

நாகவல்லி அசரவில்லை. "பால்ல இருக்கிற சர்க்கரைய உடைக்கத்தான் அந்தக் கருவி. அந்தச் சர்க்கரை வந்தாத்தான் கிருமிக கருவியச் செய்யும். வராதப்ப வீணா செஞ்சு அடுக்காது. இன்னைக்குப் பூஜைன்னுதான் நான் அந்தச் சர்க்கரைய உள்ள ஊத்தவே இல்ல. நாளைக்குக் காலையில ஊத்துவேன்."

அரசப்பன் எழுந்தார். தன் கைராசியான உளியை ஓரமாக நகர்த்திவிட்டு, குழாயை நடுவில் வைத்தார்.

"பதனமாப் பொட்டு வையிடா சேவுகா," என்றார். "உள்ள, நம்ம ஊர்ல இருக்கிறதவிட நெறைய ஆசாரிமாருக இருக்காக."