காவலுக்கு ஆள் எடுக்கும் அறை
தாம்பரத்து அரசு அலுவலகத்தில் நின்றுபோன ஏசியைப் பார்க்க ஏணிமேல் நிற்கிறேன். கோதண்டம் கீழே ஏணியைப் பிடித்திருக்கிறான். புழுக்கத்தில் போண்டா எண்ணெய் வாடை மேலேறி வருகிறது. செயற்கை நுண்ணறிவு மெஷின்களைச் சோதித்து, கெட்டதை நிறுத்தச் சொல்லும் அரசுக் குழுவுக்குப் பெரிய விஞ்ஞானிகளை எடுக்கிறார்கள். இப்போது இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருக்கும் விஷ்ணுப்ரியா மேடத்துக்கு நரைத்த தலை. இந்தக் குழுவுக்காகவே வெளிநாட்டு உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறார். எதிரே அதிகாரி வைத்தீஸ்வரன் சார் தலையை ஆட்டிக்கொண்டே சட்னியை வழித்து நக்குகிறார். ஒரு சொட்டு சட்டையில் விழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிரீஷ், அந்த மெஷின்களை விற்கும் கம்பெனிக்காரர், தன் கைக்குட்டையால் பதமாகத் துடைத்துவிடுகிறார். சார் குழந்தை மாதிரி நெஞ்சைக் காட்டுகிறார்.

“தப்புன்னு தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுவீங்களா மேடம்?” என்று கேட்பதும் கிரீஷ்தான். “கண்டிப்பா. உங்க மெஷினா இருந்தாலும் சொல்லுவேன். ஆமா, நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?” சார் சிரிக்கிறார். “டிபன் அவரோடது மேடம்.” பல்லிடுக்கில் கறிவேப்பிலை தெரிகிறது. “தூத்தேறி,” என்கிறான் கோதண்டம், எனக்கு மட்டும் கேட்கும்படி. “பூனையப் பக்கத்துல குந்த வச்சிகினு மீனுக்குக் காவலாளு எடுக்கறானுங்க.” மேடம் எழுந்து, எதுவோ ஒட்டிக்கொண்ட மாதிரி புடவையை உதறிக்கொண்டு போகிறார். அவருக்கு வைத்த போண்டா தொடாமல் கிடக்கிறது. “நல்ல படிப்புதான். நமக்கு செட் ஆகாது சார்,” என்கிறார் கிரீஷ். அதற்குள் சாரின் கை மேடத்தின் தட்டுக்குப் போய்விட்டது. “அடுத்தவங்கள வரச்சொல்லு,” என்கிறார், வாய் நிறைய.