கதவோர லேன்

ப்ரிடி குளத்தில் இறங்கினால் போதும், அந்த ஆள் ஏறிவிடுவான்.

ஒரு நாள் என்றால் தற்செயல். மூன்று வாரமாகத் தினமும் இதே கதை. காலை ஆறரைக்கு அவள் கதவோர லேனுக்கு வந்து ஓர் இருமல் இருமுவாள். அதுவரை அதில் நீந்திக்கொண்டிருந்தவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்து, எதிர்க்கோடியில் சுவரோர லேனில் போய் விழுவான். அங்கே குளோரின் நெடி கண்ணைக் கரிக்கும். அந்த நெடியைவிட இவள் மோசம் போலிருக்கிறது.

ப்ரிடிக்குப் பிறவியிலிருந்தே நுரையீரலில் பிசின் மாதிரி சளி கட்டும் நோய். நீச்சலடித்தால் சளி இளகும் என்கிறார் டாக்டர். குளோரின் ஆகாது என்கிறது தொண்டை. பல்லாரட் ஊர்க் குளிரில் திறந்தவெளிக் குளங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். இந்தக் கூரை போட்ட குளத்தில், ஷட்டர் கதவு பாதி தூக்கியிருந்து வெளிக்காற்று வரும் அந்த முதல் லேனில் மட்டும்தான் அவளால் மூச்சு விட முடியும். அது போனால் நீச்சல் போச்சு. நீச்சல் போனால் மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்.

அவள் இருமினால் பழைய டிராக்டரை மேட்டில் ஏற்றுவது போலிருக்கும். அதனால் எப்போதும் ஒரு பிரசங்கம் தயார்: இது பிறவிக் கோளாறு, தொத்தாது, பயப்பட வேண்டாம். மொத்தம் ஒன்றரை நிமிடம். நடுவில் இருமினால் மூன்று. படிப்பது சட்டம். நூறு மீட்டர் நீந்த மூச்சு போதாதவளுக்கு, வாதாட மட்டும் மூச்சு பற்றாமல் போனதே கிடையாது.

டிக்கெட் மேசையில் இருந்த ஷெரிலிடம் முறையிட்டாள். ஷெரில் டீயை உறிஞ்சிக்கொண்டே, அவன் பெயர் லாக்கி, பழைய ஆள், ஒருத்தரிடமும் முகம் சுளித்ததில்லை என்றாள்.

"லேன் மாறுறது ஒரு குத்தமா கண்ணு?"

"நான் வந்ததும் மாறினா குத்தம்தான். அதுக்குப் பேரு பாகுபாடு."

"எனக்கு எதுக்கு வம்பு. அவனையே கேளேன்."

அன்று மாலையே நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினாள். நாலு பக்கம், சட்டப் பிரிவுகளோடு. அடிக்குறிப்பு மட்டும் பதினொன்று. அனுப்பும் முன் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அதாவது, தான் பேசுவதை எதிர்த்தரப்பு கேட்க வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் சுவரோரம் கரையேறியதும் நேராக அவனை நோக்கி நடந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். அவளைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். அவள் இன்னும் இரண்டு எட்டு வைக்க, அவன் முதுகு சுவரில் முட்டியது. துண்டு வாய்க்குப் போயிற்று.

"அங்கேயே நில்லுங்க. ப்ளீஸ்."

இது போதாதா? ஒன்றரை நிமிடப் பிரசங்கம் அன்றைக்கு ஆறு நிமிடம் ஓடியது. மனித மாண்பு வந்தது, அடிப்படை உரிமை வந்தது, படித்தவர்களின் அறியாமை தனித் தலைப்பாகவே வந்தது. நடு லேனில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. என் இருமலால இந்தக் குளத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது" என்று முடிக்கிற இடத்தில், சொல்லி வைத்தாற்போல் டிராக்டர் கிளம்பிவிட்டது.

அவள் இருமி முடித்தாள். பிறகு துண்டுக்குள் அவனும் இருமினான்.

அதே டிராக்டர்.

"ஒருத்தருக்கு ஆகும்," என்றான். "கிளினிக்ல உங்களுக்கு எந்தக் கிழமை? எனக்கு வியாழன்."

ப்ரிடிக்குச் செவ்வாய். இந்த நோய் ஊரில் யாருக்கும் தொத்தாது. ஆனால் இதே நோய் உள்ள இன்னொருவருக்கு, இவள் மார்பில் குடியிருக்கும் கிருமி எமன். அதனால்தான் ஒரே அறையில் உட்காரவிடாமல் ஆளுக்கொரு கிழமை கொடுக்கிறார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த விதி. நாலு பக்கப் புகாரில் அதற்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை.

மளமளவென்று பின்னால் நகர்ந்தாள். பாதிக் குளம் தாண்டி நின்றுகொண்டு கேட்டாள்:

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னா கிட்ட வரணும். ஷெரில்கிட்ட சொல்லி அனுப்பினா, உங்க நோயை நான் ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப நாளையிலேர்ந்து நான் வேற நேரத்துக்கு வரேன். கதவோரம் நீங்க நீந்துங்க."

லாக்கி வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"ஆறு வருஷமா அந்த லேன்லதான் நீந்துறேன். முதல் நாளே உங்க இருமலைக் கேட்டேன். என்னோடதைவிட மோசமா இருந்துச்சு. அதான் நீங்க வந்ததும் உங்களுக்கு விட்டுடறேன்."