மூன்றே முக்கால் கிலோ

கார் பந்தயத்தில் ஒற்றைக் கையால் ஓட்டி முதலாவதாக வந்த தணிகைவேல், எடைமேடை மீது நின்ற காருக்குள் ரத்தம் வழியக் கிடந்தான். அவன் இடது கை கடைசி வளைவின் தடுப்புக் கம்பியிலேயே தங்கிவிட்டது.

“காரும் ஓட்டுநரும் சேர்ந்து, குறைந்தபட்ச எடைக்கு மூன்றே முக்கால் கிலோ குறைவு,” என்றது மேடையின் இயந்திரக் குரல். “கழன்று விழுந்த பாகத்தைப் பத்து நிமிடத்தில் கொண்டுவராவிட்டால் வெற்றி ரத்து.”

இரண்டாவதாக வந்த சென்னியப்பன் சிரித்தான். “கையக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுனா, வண்டி பறக்காம என்னங்க அம்மணி பண்ணும்?”

தணிகைவேலின் அக்காவும் மெக்கானிக்குமான பூரணி, ஜாக்கிக் கம்பியால் சென்னியப்பன் வாயில் ஒரே போடு போட்டாள். இரண்டு பற்கள் தெறித்தன. அதே வேகத்தில் வளைவுக்கு ஓடி, கையுறையோடு கிடந்த கையைத் தூக்கி வந்தாள்.

“ஐஸ் பெட்டில போடுங்கம்மா! ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா ஒட்டிரலாம்!” என்று பந்தய டாக்டர் கத்தினார்.

“ஒரே நிமிசம் பொறுங்க சார், ஜெயிச்சுட்டுத் தாரேன்,” என்றவள் கையை மேடையில் வைத்தாள்.

“எடை சரி. வெற்றி உறுதி.”

மைதானம் அதிர்ந்தது. தம்பியை ஸ்ட்ரெச்சரில் இறக்கியதுமே மேடையிலிருந்த காரையும் கையையும் சுற்றி இரும்பு வலை இறங்கியது.

“எடையில் சேர்ந்த பாகங்கள் யாவும் நாளை காலை வரை சோதனைக் காவலில் இருக்கும்.”

“அக்கா, ஜெயிச்சமா?” என்று முனகினான் தணிகைவேல்.

பூரணி வெறுங்கையால் வலையைப் பிய்க்கத் தொடங்கினாள்.