மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரு டிக்

முதலில், மூட்டுவலித் தைலம் தேடிய பெரியவரைத் தைல விளம்பரம் மூன்று மாதம் துரத்தியது. அடுத்து, காதலனுக்குச் சட்டை தேடிய பெண்ணை, அதே நாற்காலியில் உட்கார்ந்த அவள் அண்ணன் கண்டுபிடித்தான். அதற்கடுத்து, வேறு வேலை தேடியது அங்கே முதலாளி கண்ணில் பட்டு, இசக்கிக்கு இருந்த வேலையும் போனது. மூன்றும் பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் நடந்தவை. எழுத்து தேய்ந்த அதன் கீபோர்டு, பிரவுசர் செய்த இந்த மூன்றில் எதையும் மன்னிக்கவில்லை.

இன்று தையல் கம்பெனி மரகதவல்லி வந்து, சங்கம் தொடங்குவது எப்படி என்று தேடிவிட்டு எழுந்து போனாள். அவளுடைய சூப்பர்வைசர் தணிகாசலம் மோப்பம் பிடித்தபடி உள்ளே வந்தார். தெரிந்தால் நாளை அவளுக்கு வேலை இல்லை.

"தம்பி, மூடும்போதெல்லாம் பழைய தேடல்களை அழிக்கிற கட்டத்தில் ஒரு டிக் போடு" என்றது கீபோர்டு.

"ஞாபகசக்திதாண்ணே என் பெருமை. அவங்க வசதிக்காகத்தான் சேர்த்து வைக்கிறேன்" என்றது பிரவுசர்.

"உன் தயவில் இசக்கி இப்போ வீட்டில் வசதியாத்தான் உட்கார்ந்திருக்கான்."

மவுஸும் பிரிண்டரும் சிரித்துவிட்டன. வெட்கப்பட்ட பிரவுசர் டிக் போட்டுக்கொண்டு தன்னை ஒருமுறை மூடித் திறந்தது.

தணிகாசலம் உட்கார்ந்தார். தன்னைப் பற்றி நெட்டில் ஏதாவது வந்திருக்கிறதா என்று முதலில் தன் பெயரைத் தட்டித் தேடினார். பிறகுதான் பழைய தேடல்களின் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் அதே வரிதான்.

"சாட்சிக்கு ரெண்டு பேர் இருக்காங்க. உரக்கப் படி, தம்பி" என்றது கீபோர்டு.

பிரவுசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மவுஸுக்கும் பிரிண்டருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தது: "தணிகாசலம்."